எழுத்துருவே எழுத்தாக இருந்த காலம்: சொற்செயலிக் கோப்புகள் இணையமேறிய வரலாறும் தமிழ்ப் பாடச் சிதைவுகளும்

ஆய்வுச்சுருக்கம்

சொற்செயலியில் உருவான கோப்புகளை இணையத்தில் ஏற்றும்போது நேரும் வடிவச் சிக்கல்கள் பொதுவாகத் தோற்றம் சார்ந்த குறைகளாகவே கருதப்படுகின்றன. ஒருங்குறி பரவுவதற்கு முந்தைய தமிழ்க் கோப்புகளில் எழுத்துருவின் பெயரே எழுத்தின் அடையாளமாக இருந்தது. ஆதலால் தோற்றத்தைச் சீர்செய்ய மேற்கொண்ட முயற்சிகள் பாடத்தையும் மாற்றின. திஸ்கி, பாமினி ஆகிய இரு முறைகளைச் சான்றாகக் கொண்டு இம்மாற்றங்கள் நேர்ந்த வழிகளை இக்கட்டுரை ஆராய்கிறது. இன்றைய மின்பாடங்களில் எஞ்சியுள்ள அவற்றின் தடயங்களைப் பாடவேறுபாட்டுச் சிக்கலாக அணுகவேண்டும் என்பது இதன் கருத்து.

குறிச்சொற்கள்: ஒருங்குறி, திஸ்கி, பாமினி, எழுத்துரு, சொற்செயலி, குறிமாற்றி, பாடவேறுபாடு

முன்னுரை

புறநானூற்றை 1894இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தபோது அவர்முன் இருந்த ஏடுகளில் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் புள்ளியின்றி எழுதப்பட்டிருந்தன. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு இல்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே கோடாக நின்றன. ஓலையிலிருந்து தாளுக்கு வந்த ஒவ்வொரு சொல்லிலும் பதிப்பாசிரியர் ஒரு முடிவை எடுக்கவேண்டியிருந்தது. பாடபேதங்களை அடிக்குறிப்பில் காட்டும் மரபு வலுப்பெற்றதால் அம்முடிவுகளிற் பலவற்றைப் பின்வந்தோர் மறு ஆய்வு செய்ய இயன்றது.

தாளிலிருந்து கணினிக்கும், கணினியின் ஒரு குறியாக்கத்திலிருந்து மற்றொன்றுக்கும் தமிழ்ப் பாடங்கள் பெயர்ந்தபோதும் இதையொத்த முடிவுகள் எடுக்கப்பட்டன. அவற்றை எடுத்தவை பெரும்பாலும் மென்பொருள்கள். அடிக்குறிப்பு எழுதுவது அவற்றின் வேலையன்று. 1990களின் பிற்பகுதியிலிருந்து 2000களின் இறுதிவரை இணையமேறிய தமிழ்ப் பாடங்களில் கணிசமானவை இவ்வாறு வந்தவை. சொல்லடைவு, சொல்வருகை எண்ணிக்கை, கருத்துத்திருட்டுச் சோதனை ஆகியவற்றுக்கு இன்று இப்பாடங்களையே ஆய்வாளர்கள் பயன்படுத்துவதால் அவை வந்த வழியை அறிவது தேவையாகிறது.

எட்டுநுண்மிக் குறியாக்கமும் எழுத்துருவும்

ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தபோதே, 1988ஆம் ஆண்டின் இஸ்கி முறையைத் தழுவித் தமிழ் அதில் இடம்பெற்றிருந்தது. 2944 முதல் 3071 வரையிலான எண்கள் தமிழுக்கு ஒதுக்கப்பட்டன. எனினும் கொம்பையும் காலையும் உரிய இடத்தில் அமைத்துக்காட்டும் ஆற்றல் பொதுப் பயன்பாட்டுக் கணினிகளில் அப்போது இல்லை. லதா எழுத்துருவுடன் விண்டோஸ் 2000 வந்த பிறகே அது பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது. விண்டோஸ் 98 வைத்திருந்தோர் அதன் பின்னரும் பல ஆண்டுகள் காத்திருந்தனர். இடைப்பட்ட காலத்தில் தமிழை இணையத்திற்குக் கொண்டுசென்றவை 256 இடங்களே கொண்ட எட்டுநுண்மி எழுத்துருக்கள்.

இவ்வெழுத்துருக்கள் இயங்கிய முறை எளியது. கணினியைப் பொறுத்தவரை கோப்பில் இருந்தவை உரோமன் எழுத்துகளோ ஐரோப்பியக் குறியீடுகளோ ஆகும். அந்த எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் திரையில் தமிழ் தெரியும். ஈழத்து, புலம்பெயர் ஏடுகளில் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்னும் சொல் ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு சிறிய உரோமன் எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் சேமிக்கப்பட்டது. பாமினி என்னும் பெயரை நீக்கிவிட்டால் அது தமிழ்ச் சொல்லே அன்று.

ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அமைப்பை வகுத்துக்கொண்டதால் ஒருவர் அனுப்பிய கோப்பை மற்றவர் படிக்க இயலாத நிலை ஏற்பட்டது. இதைத் தீர்க்க இரு முயற்சிகள் நடைபெற்றன. மின்னஞ்சல் குழுவில் கூடி உரையாடிய ஆர்வலர்கள் திஸ்கி முறையை உருவாக்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு டாப், டாம் ஆகிய தரங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் முன்வைத்தது. விசைப்பலகை நிலைத்தது. தரங்கள் அந்த அளவுக்கு நிலைக்கவில்லை. அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் வானவில், ஸ்ரீலிபி போன்றவற்றின் எழுத்துருக்களே தொடர்ந்து வழங்கின.

சொற்செயலியின் தலையீடு

திஸ்கியை வகுத்தவர்கள் சொற்செயலியை மனத்திற்கொண்டே தம் அட்டவணையை அமைத்தனர் என்பதற்கு அதன் உள்ளமைப்பே சான்று. 145 முதல் 148 வரையிலான நான்கு இடங்களில் தமிழ் எழுத்து எதுவும் வைக்கப்படவில்லை. மைக்ரோசாஃப்ட் வேர்டு, நேர் மேற்கோள்குறிகளைத் தானாகவே வளைந்த மேற்கோள்குறிகளாக மாற்றும். விண்டோஸின் மேலைய ஐரோப்பியக் குறியாக்கத்தில் அவற்றின் இடம் இந்நான்கே. பதிப்புரிமைக் குறிக்குரிய 169ஆம் இடமும் அவ்வாறே காக்கப்பட்டது.

ஆயினும் எல்லா இடங்களையும் காக்க இயலவில்லை. 247 எழுத்துகளின் வடிவங்களையும் கிரந்த எழுத்துகளையும் தமிழ் எண்களையும் மேற்பாதியின் 128 இடங்களுக்குள் அடக்கவேண்டியிருந்தது. 150ஆம் இடத்தில் தமிழ் எண் ஏழும் 151ஆம் இடத்தில் எட்டும் வைக்கப்பட்டன. விண்டோஸ் குறியாக்கத்தில் அவை முறையே சிறுகோட்டுக்கும் நெடுங்கோட்டுக்கும் உரியவை. இரு ஒட்டுக்குறிகளை ஒரு கோடாக மாற்றும் வேர்டின் வழக்கத்தால், திஸ்கிக் கோப்பில் கோடு நிற்கவேண்டிய இடத்தில் தமிழ் எண் தோன்றக்கூடிய நிலை உருவாயிற்று. எதிர்த்திசைச் சிக்கலும் உண்டு. வேர்டு 97 முதல் அச்செயலி தன் கோப்புகளை உள்ளுக்குள் ஒருங்குறியிலேயே வைத்துக்கொண்டது. அதனால் 150ஆம் இடத்துக் குறி 8211 என்னும் ஒருங்குறி எண்ணாக, அதாவது ஆங்கிலச் சிறுகோடாக, மாறிச் சேமிக்கப்பட்டது. 150 என்னும் எண்ணைத் தேடும் குறிமாற்றிக்கு அது தமிழ் எண்ணாகத் தென்படாது. செய்யுள் எண்களைத் தமிழ் எண்ணிலேயே இட்ட பதிப்புகளுக்கு இது சிறு இழப்பன்று.

173ஆம் இடத்தின் கதை இன்னும் விளக்கமானது. அது ஐரோப்பியக் குறியாக்கத்தில் மென்கோட்டுக்குரியது. சொல் வரியிறுதியில் உடையும்போது மட்டும் வெளிப்பட்டு மற்ற இடங்களில் மறைந்துநிற்கும் குறி அது. திஸ்கியின் முன்னைய அட்டவணை இகரத்தை அவ்விடத்தில் வைத்திருந்தது. மென்கோட்டு விதியைப் பின்பற்றிய செயலிகளில் 'இது' என்பது 'து' என நிற்கும். பின்னர் இகரம் 254ஆம் இடத்தில் வைக்கப்பட்டது. மாற்றத்திற்கு முன்னரும் பின்னரும் உருவான கோப்புகள் திஸ்கி என்னும் ஒரே பெயரில் உலவின.

பாமினியில் தலையீடு வேறுவகையில் நேர்ந்தது. பாமினி, எழுத்துகளைப் பெரும்பாலும் உரோமன் அகரவரிசையின் இடங்களிலேயே வைத்ததால் வேர்டு அதனை ஆங்கிலமாகவே கருதியது. முற்றுப்புள்ளிக்குப் பின்வரும் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றும் தானியங்கித் திருத்தம் செயல்பட்டது. பாமினியில் சிறிய ஜே தகரம், பெரிய ஜே 'து'. சிறிய கே மகரம், பெரிய கே 'மு'. ஆகவே வாக்கியத் தொடக்கத்தில் 'தமிழ்' 'துமிழ்' ஆயிற்று. 'மனிதன்' 'முனிதன்' ஆனான். பழகிய தட்டச்சர்கள் முதல் வேலையாகத் தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவைத்தது இதனாலேயே. பழகாதவர்களின் கோப்புகள் அப்படியே வலையேறின.

மீயுரைக்கு மாறுதல்

கோப்பை வலைப்பக்கமாக்க இருவழிகள் இருந்தன. ஒன்று, வெறும் பாடத்தை எடுத்து எச்.டி.எம்.எல். குறிகளுக்கிடையே ஒட்டுவது. மற்றொன்று, வேர்டையே வலைப்பக்கமாகச் சேமிக்கச்செய்வது.

முதல் வழியில் பாமினிக்கு நேர்ந்தது தனித்துக் குறிக்கத்தக்கது. அவ்வெழுத்துருவில் ஈகாரத்தின் இடம் 'சிறியது' என்பதைக் காட்டும் கோணக்குறி. காற்புள்ளியின் இடம் 'பெரியது' என்பதைக் காட்டும் கோணக்குறி. எச்.டி.எம்.எல். மொழியில் முன்னது ஒரு குறியின் தொடக்கம், பின்னது அதன் முடிவு. 'ஈழம்' என்று தொடங்கும் பாடத்தை மாற்றமின்றி ஒட்டினால், ஈகாரத்திலிருந்து அடுத்துவரும் காற்புள்ளிவரை உள்ள அனைத்தையும் உலாவி தனக்குத் தெரியாத ஒரு குறி எனக் கொண்டு காட்டாமல் விட்டுவிடும். அவ்வெழுத்துருவை மிகுதியாகக் கையாண்டவர்கள் அச்சொல்லையே மிகுதியாக எழுதவேண்டியிருந்தவர்கள்.

இதற்கு மாற்றாகக் கோணக்குறியை 'எல்', 'டி' ஆகிய இரு எழுத்துகளால் குறிக்கும் முறை உண்டு. உலாவியில் சிக்கல் தீரும். அந்தப் பக்கத்தின் மூலத்தைப் பின்னாளில் குறிமாற்றியில் இட்டபோது, அக்குறிப்பை முதலில் பிரித்தறியாத மாற்றிகள் எல்லை டகரமாகவும் டியை வகரமாகவும் படித்தன. ஈகாரம் இருந்த இடத்தில் டகர வகரங்கள் வந்து விழுந்தன.

இரண்டாம் வழியில் வேர்டு தன் வடிவமைப்புகள் அனைத்தையும் வலைப்பக்கத்திற்குள் கொண்டுவந்தது. 1999இல் வந்த வேர்டு 2000, வலைப்பக்கத்தை மீண்டும் வேர்டு கோப்பாகவே திறக்கமுடியவேண்டும் என்னும் நோக்கத்துடன் தனக்குரிய பாணிக்குறிகளையும் நிபந்தனைக் குறிப்புகளையும் அதில் நிறைத்தது. ஒரு பத்தியின் பாடத்தைவிட அதைச் சூழ்ந்த குறிகள் பலமடங்கு நீண்டன. ஒரே சொல்லின் நடுவே கூடத் திருத்தம் செய்யப்பட்ட இடத்தில் பாடம் இரு துண்டுகளாகப் பிரிந்து இரு குறிகளுக்குள் அமர்ந்தது. ஆங்கிலத்தில் இது கோப்பின் அளவைப் பெருக்கும் தொல்லை மட்டுமே. எட்டுநுண்மித் தமிழில் கொம்பு, மெய், கால் என்னும் மூன்று தனிக்குறிகள் சேர்ந்ததே 'கொ'. கொம்பு ஒரு துண்டிலும் மெய்யும் காலும் அடுத்த துண்டிலும் நின்றால், துண்டுதுண்டாக மாற்றும் குறிமாற்றி அவற்றை ஓர் உயிர்மெய்யாக இணைக்காது. பழைய பக்கங்களில் புள்ளிவட்டத்தோடு தனித்துத் தொங்கும் கொம்புகள் இவ்வாறும் வந்தவை.

இங்கே செய்யுள் வடிவம் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். சங்க இலக்கியப் பதிப்புகளில் ஐந்தாம் அடி, பத்தாம் அடி என வலப்புறத்தில் அடியெண் இடுவது வழக்கம். தட்டச்சர்கள் இதைத் தத்தல் விசையாலோ பல இடைவெளிகளாலோ அமைத்தனர். எச்.டி.எம்.எல். அடுத்தடுத்த இடைவெளிகளை ஒன்றாகச் சுருக்கும். அடியெண் அடியின் இறுதிச்சீருக்கு மிக அருகே வந்துநின்றது. இடைவெளியும் நீங்கிய இடங்களில் சீரோடு ஒட்டிக்கொண்டது. அப்பாடத்திலிருந்து எடுக்கும் சொல்லடைவில் எண்ணோடு கூடிய சீர் தனிச்சொல்லாகப் பதிவாகும்.

சீர்செய்தலால் நேர்ந்த இழப்பு

1997 டிசம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 4.0, எழுத்துருவைச் சுட்டும் குறியைக் கைவிடத்தக்கவற்றின் பட்டியலில் சேர்த்தது. தோற்றம் பாணித்தாளில் இருக்கவேண்டும், பக்கத்தில் பொருளமைப்பு மட்டுமே இருக்கவேண்டும் என்பது அதன் கொள்கை. கொள்கையளவில் அது சரியானதே. வேர்டு உண்டாக்கிய குப்பையை அகற்றக் கருவிகளும் வந்தன. டேவ் ராகெட் உருவாக்கிய டைடி என்னும் மென்பொருளில் வேர்டு 2000இன் மிகைக்குறிகளை நீக்கவும், எழுத்துருக் குறிகளை அறவே களையவும் தனித்தனி விருப்பத்தேர்வுகள் இருந்தன. வேர்டின் அடுத்த பதிப்பிலேயே வடிகட்டிய வலைப்பக்கமாகச் சேமிக்கும் வசதி சேர்க்கப்பட்டது. வேர்டிலிருந்து ஒட்டும்போது வடிவமைப்பை நீக்கும் பொத்தான் இணையத் தொகுப்பிகளில் இடம்பெற்றது.

இக்கருவிகள் அனைத்தும் எழுத்துரு என்பது ஆடை, எழுத்து என்பது உடல் என்னும் அடிப்படையில் அமைந்தவை. எட்டுநுண்மித் தமிழில் அந்தப் பிரிவினை இல்லை. எழுத்துருவின் பெயரைக் களைந்த கணத்தில், எந்தப் பகுதி தமிழ், எந்தப் பகுதி ஆங்கிலம் என்று அறிவதற்கிருந்த ஒரே சான்றும் போயிற்று. தமிழ்க் கட்டுரைக்குள் ஆங்கில நூற்பெயரும் ஊர்ப்பெயரும் கலந்துவருவது இயல்பு. எழுத்துருக் குறி இழந்த பாமினிப் பக்கத்தை முழுவதும் ஒருங்குறிக்கு மாற்றினால், ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்த 'தமிழ்' என்னும் பெயர் 'வுயஅடை' என்றும் 'இந்தியா' 'ஐனெயை' என்றும் ஆகும். ஆய்வுக்கட்டுரைகளின் துணைநூற்பட்டியலே இதனால் மிகுதியும் தாக்குற்றது. அங்கேதான் ஆங்கிலம் செறிந்திருந்தது. கட்டுரையின் உடற்பகுதி படிக்கத்தக்கதாக இருக்க, அதன் சான்றுகள் மட்டும் படிக்கவியலாதனவாயின.

எஞ்சிய தடயங்கள்

மேற்கண்ட சிதைவுகள் கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரியாமல் நிற்பவை ஆய்வுக்கு மேலும் இடர் தருபவை. அவற்றுள் இரண்டை மட்டும் இங்கு எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, ரகர மெய். பழைய அச்சு வழக்கில் ரகரம் புள்ளி பெறும்போது அடிச்சாய்வுக்கோட்டை இழந்து, காலும் புள்ளியுமாகவே தோன்றியது. தட்டச்சுப்பொறியில் பயின்றோர் கால் விசையையும் புள்ளி விசையையும் அடுத்தடுத்து அழுத்தியே அதை உண்டாக்கினர். அப்பழக்கம் கணினிக்கும் வந்தது. 'அவர்கள்' என்பது 'அவா்கள்' எனச் சேமிக்கப்பட்டது. சில எழுத்துருக்களில் இரண்டிற்கும் வேறுபாடு தெரியாது. ஓலையில் ஒன்றாக நின்ற ரகரமும் காலும் நூறாண்டு கழித்து ஒருங்குறியில் மீண்டும் மயங்கின. ஆயினும் இம்மயக்கத்தை முழுமையாகத் தீர்க்கலாம். காலுக்குப் பின் புள்ளி வரும் முறையான சொல் தமிழில் இல்லையாதலால், அவ்விணையை எங்குக் கண்டாலும் ரகர மெய்யாக மாற்றிவிடலாம்.

இரண்டாவது, ஔகாரம். தட்டச்சு மரபில் ஔகாரத்தின் பிற்பகுதிக்குத் தனி வடிவம் இல்லை. ளகரமே அங்கும் பயன்பட்டது. பாமினியிலும் நிலைமை அதுவே. திஸ்கி அதற்குத் தனியிடம் அளித்தபோதும் பழகிய கை ளகரத்தையே நாடியது. எனவே 'பௌத்தம்' என்பது மாற்றத்திற்குப் பிறகு 'பெளத்தம்' எனப் பல பக்கங்களில் நிற்கிறது. ஒருங்குறியில் முன்னதன் முதலெழுத்து 2986, 3020 என்னும் இரண்டு எண்கள். பின்னதில் அவ்விடத்தில் நிற்பவை 2986, 3014, 2995 என்னும் மூன்று எண்கள். மயிலை சீனி. வேங்கடசாமியின் 'பௌத்தமும் தமிழும்' நூலைத் தேடும் ஒருவர் ஒரு வடிவத்தில் மட்டும் தேடினால் மற்ற வடிவத்தில் உள்ளவை அவர் கண்ணில் படாமல் போகக்கூடும்.

இதனை 'கொ' என்பதன் இருவகைச் சேமிப்போடு குழப்பிக்கொள்ளலாகாது. அதன் உயிர்க்குறியை 3018 என ஒரே எண்ணாகவும், 3014, 3006 என இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என ஒருங்குறித் தரமே கூறுவதால் இயல்பாக்கம் என்னும் செயல்முறை அவற்றை ஒன்றாக்கிவிடும். ஔகார ளகர மயக்கத்தைத் தரம் அறியாது. அதைத் தமிழறிந்தவரே தீர்க்கவேண்டும். ளகரம் புள்ளியோ உயிர்க்குறியோ பெற்றிருந்தால் அது மெய்யே. 'தெளிவு', 'வெள்ளம்' ஆகியவற்றை மாற்றலாகாது. தனித்துநின்றால் பெரும்பாலும் ஔகாரத்தின் பகுதி. 'பெரும்பாலும்' என்னும் சொல்லை நிரலாக்க விதியாக எழுதமுடியாது என்பதே இங்குள்ள தடை. கிளைமொழிச் சொற்களையும் ஆட்பெயர்களையும் கொண்ட பாடத்தில் அவ்விதியைக் கண்மூடிச் செலுத்துவது புதிய பிழைக்கு வழி. இலக்கண அறிவு குறிமாற்றிக்குத் தேவையில்லை என்று கருதியதன் விளைவை இன்றைய தேடுபொறிகள் சுமக்கின்றன.

ஆய்வேடுகளும் பாடப்பதிவும்

பல்கலைக்கழக மானியக்குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் முனைவர்பட்ட ஆய்வேடுகளின் மின்படியை அளிக்கவேண்டும் என்றன. அவற்றுள் பல சோத்கங்கா தளத்தில் சேர்ந்தன. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்16 முறையையும் ஏற்றது. இவ்விரண்டும் அடுத்தடுத்து நிகழ்ந்தபோதும் ஆய்வேடுகளின் தட்டச்சு உடனே மாறிவிடவில்லை. எட்டுநுண்மி எழுத்துருவில் அச்சிட்டு பி.டி.எஃப். ஆக்கப்பட்ட ஏடு திரையில் குறையின்றித் தெரியும். அதிலிருந்து ஒரு வரியைப் படியெடுத்தால் கிடைப்பவை உரோமன் எழுத்துகள். தேடலுக்கும், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கும், ஒப்புமைச் சோதனைக்கும் அவ்வேடு தமிழில் இல்லை. எழுத்துரு கோப்பினுள்ளேயே பொதிந்திருப்பதால் அதன் பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. அந்தப் பெயர் உள்ளவரை மீட்பு இயலும். படியெடுத்து ஒட்டி, 'தூய்மை' செய்த பிறகு இயலாது.

எனவே பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுவோர் மூலக்கோப்பைத் திருத்தாமல் காக்கவேண்டும் என்பதும், வடிவ நீக்கத்தைக் குறிமாற்றத்திற்கு முன் செய்யலாகாது என்பதும் நடைமுறையில் முதன்மையானவை. பல ஆய்விதழ்கள் ஒருங்குறிக் கோப்பையே கேட்கின்றன. அது பொறுப்பைக் கட்டுரையாளரிடம் மாற்றிவிடுகிறதேயன்றி, மாற்றத்தின்போது நேர்ந்ததைப் பதிவுசெய்வதில்லை. மேற்கோளாகத் தரப்படும் செய்யுளடி எந்த மின்பாடத்திலிருந்து பெறப்பட்டது என்பதைக் கேட்காத மதிப்பீட்டு முறை, அச்சுப்பதிப்பின் பக்க எண்ணை மட்டும் கேட்பதில் பொருள் குறைவு. அடி வந்தது ஓரிடம், சுட்டப்படுவது வேறிடம்.

1998 பொங்கலன்று முனைவர் கல்யாணசுந்தரம் முதலியோர் தொடங்கிய மதுரைத் திட்டம் திஸ்கியில் வெளியிட்ட பாடங்களைப் பின்னர் ஒருங்குறியிலும் வழங்கியது. அதன் மின்பாடங்களின் தலைப்பகுதியில் பாடத்தை உள்ளிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் நன்றியுடன் குறிக்கப்படுவது தொடக்கத்திலிருந்தே உள்ள நல்வழக்கம். ஏட்டின் இறுதியில் எழுதியவர் தம் பெயரையும் நாளையும் குறித்த மரபின் தொடர்ச்சி அது. மூலக்கோப்பின் எழுத்துரு யாது, எந்த மாற்றி பயன்பட்டது, ரகர மெய்யும் ஔகாரமும் எவ்விதியால் திருத்தப்பட்டன என்னும் மூன்று செய்திகளை அப்பெயர்களுக்குக் கீழே ஒரு வரியில் எழுத இடமுண்டு.